ஜூலிக்கு எந்த டாக் ஃபுட் வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடார் ஜூலிக்கு நான்கு வயது. கருத்தடை ஆபரேஷன் செய்தாகிவிட்டது. எடை 36 கிலோ. இதுவரை என் மாமியார்தான் சிக்கன் போட்டுக் குழைய வடித்த சோறும், ராத்திரி தயிர் சாதமும் கொடுத்து வந்தார். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருப்பதால் இனி நாய்க்கென்று தனியாகச் சமைக்க முடியாது. பாக்கெட் உணவுக்கு மாறலாம் என்று கடைக்குப் போனால், ஒருவர் 'கிரெய்ன் ஃப்ரீ' வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் 20 கிலோ மூட்டையைப் பிரித்து லூஸில் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர், வெளிநாட்டுச் சரக்குதான் நல்லது என்கிறார். விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது? மாமனார் காலையும் மாலையும் டீ குடிக்கும்போது இரண்டிரண்டு மேரி பிஸ்கட் கொடுப்பார். அதை நிறுத்த வேண்டுமா? – திருச்சி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்காரர்களின் மூன்று யோசனைகளுக்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது 36 கிலோ என்ற எண்தான். பெண் லேப்ரடார் பொதுவாக 25 முதல் 32 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஜூலி நல்ல உயரமான, எலும்பு பருத்த நாயாகவே இருக்கட்டும், 30 கிலோவை ஒட்டி இருந்தால் அவளுக்குப் போதும். அதனால் எந்தப் பை என்பதோடு, அதிலிருந்து எத்தனை கிராம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது கேள்விதான் அவள் ஆயுளைத் தீர்மானிக்கும் என்று நான் நம்புகிறேன்.

நாயை நேரில் பார்க்காமல் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கையின் விரல்களை நீட்டி வைத்து, புறங்கையில் விரல் முட்டிகளின் மேல் மற்றக் கையால் லேசாகத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படும். ஜூலியின் விலாவைத் தடவும்போதும் அப்படித் தட்டுப்பட்டால் அவள் சரியான உடம்பில் இருக்கிறாள். உள்ளங்கைச் சதையைத் தடவுவதுபோல இருந்து, விலாவைக் கண்டுபிடிக்கவே அழுத்த வேண்டியிருந்தால் உடம்பு அதிகம். மேலே நின்று பார்க்கும்போது இடுப்பு உள்வாங்கித் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக, ஆனால் அதே உணவை, வாழ்நாள் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகத்தான். உணவு ஒன்றே, பிராண்ட் ஒன்றே, அளவு மட்டும்தான் வேறு.

"எவ்வளவு போட்டாலும் பசி பசி என்று பார்க்கிறாளே" என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள். லேப்ரடாருக்கு அது பிறவிக் குணம். வயிறு நிறைந்த சேதியை மூளைக்குக் கொண்டுசேர்ப்பதில் பங்குள்ள ஒரு மரபணுவின் ஒரு பகுதி, ஏறக்குறைய கால்வாசி லேப்ரடார்களுக்கு விடுபட்டிருக்கிறது என்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு எப்போதும் சாப்பாட்டு நினைவுதான். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்கு வேண்டிய கலோரி குறைவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அவள் கண்ணைப் பார்த்துச் சாப்பாடு போட்டால் எந்த நல்ல உணவும் அவளுக்குக் கெட்ட உணவாகிவிடும்.

மாமியார் போட்ட சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் மனம் வருந்தக் கூடாது. சோறு நாய்க்கு ஆகாது என்பது சரியில்லை. மனிதரோடு வாழத் தொடங்கியதில் ஓநாயைவிட மாவுச்சத்தை நன்றாகச் செரிக்கும் திறன் நாய்க்கு வந்துவிட்டது. 2013இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அதைத் தெளிவாகக் காட்டியது. சோறும் எலும்பில்லாத சிக்கனும் தயிரும் சேர்ந்த சாப்பாட்டில் குறைவது வேறு. கால்சியம் போதாது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ போதாது. வைட்டமின் டி விஷயத்தில் நாய் நம்மைப் போல இல்லை. வெயிலில் படுத்துக் கிடந்தாலும் அதன் தோல் தேவையான அளவு தயாரிக்காது, உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். இந்தக் குறைகள் சட்டென்று வெளியே தெரியாததால்தான் நான்கு வருடம் ஓடியிருக்கிறது. அதனால் பாக்கெட் உணவுக்கு மாறுகிறோமே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் ஜூலிக்கு இது முன்னேற்றம்தான்.

சரி, கடைக்குப் போவோம். பையின் முன்பக்கத்தில் வறுத்த கோழி, கேரட், பச்சைப் பட்டாணிப் படங்கள் இருக்கும். உள்ளே சிவப்பும் பச்சையுமாக உருண்டைகள் இருக்கும். நாயின் கண்ணுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நிறம் நமக்காகப் போட்டது. 'நேச்சுரல்', 'பிரீமியம்', 'சூப்பர் பிரீமியம்' ஆகிய சொற்கள் எந்தச் சத்தளவுக்கும் உத்தரவாதம் தருவதில்லை. பையைத் திருப்புங்கள்.

பின்பக்கத்தில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வரி. பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று தொடங்கி, எந்த வயது நாய்க்கு என்றும், எந்த அளவுகோலின்படி என்றும் சொல்லும். அளவுகோல் பெரும்பாலும் அமெரிக்காவின் 'ஆஃப்கோ' அல்லது ஐரோப்பாவின் 'ஃபெடியாஃப்' ஆக இருக்கும். அந்த வரி இருந்தால் அதை மட்டுமே கொடுத்து நாயை வளர்க்கலாம் என்று கம்பெனி பொறுப்பேற்கிறது. இல்லாவிட்டால், அல்லது 'காம்ப்ளிமென்டரி', 'ட்ரீட்' என்று இருந்தால், அது தொட்டுக்கொள்ளும் அயிட்டம்தான், சாப்பாடு இல்லை. கிரேவி பாக்கெட்டுகளில் சில இந்த ரகம், பார்த்து வாங்குங்கள்.

வயதும் முக்கியம். ஜூலிக்கு 'அடல்ட் மெயின்டெனன்ஸ்' வேண்டும். 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று போட்டிருந்தால் அது குட்டிக்கும் ஈன்ற நாய்க்கும் போதுமான சத்துள்ளது என்று பொருள். கலோரியும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், ஜூலிக்கு அது வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் லேப்ரடார், ராட்வைலர், கிரேட் டேன் குட்டிகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த உணவைக் கொடுத்துக்கொண்டே தனியாகக் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். மிஞ்சிய கால்சியம் வளரும் எலும்பைக் கோணலாக்கும்.

ஆஃப்கோ எந்த உணவையும் சோதித்துச் சான்றிதழ் தரும் அமைப்பு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அளவுகோலை வகுப்பது மட்டுமே அதன் வேலை, பின்பற்றுவதாகச் சொல்வது கம்பெனி. 'ஃபீடிங் ட்ரையல்', அதாவது நாய்களுக்கு அந்த உணவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை, நடத்தியதாகச் சில பைகளில் இருக்கும். வளர்ந்த நாய்களுக்கு அந்தச் சோதனை எட்டு நாய்களை வைத்து 26 வாரம் நடத்தினால் போதும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான். நம் ஊர் நிலைமை என்னவென்றால், உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. மனிதர் உண்ணும் உணவைப் பார்க்கும் அமைப்பு. இந்தியத் தர அமைவனம் நாய், பூனை உணவுக்குத் தரநிலை வகுத்திருக்கிறது. ஆனால் கடையில் உள்ள பெரும்பாலான பைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காண முடியாது. அதனால் தயாரிப்பவர் யார் என்று விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது.

விசாரிப்பது கடினமில்லை. பையில் வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும். கூப்பிட்டுக் கேளுங்கள். இந்தக் கலவையை வகுத்தவர் கால்நடை ஊட்டச்சத்துப் படித்தவரா? சொந்தத் தொழிற்சாலையில் செய்கிறீர்களா, வெளியே கொடுத்துச் செய்கிறீர்களா? மக்காச்சோளம் போன்ற மூலப்பொருள்களில் பூஞ்சை நச்சுக்குச் சோதனை உண்டா? 100 கிராமுக்கு எத்தனை கலோரி? உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் ஊட்டச்சத்துக் குழு பரிந்துரைக்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான். கலோரி எவ்வளவு என்ற எளிய கேள்விக்கே பதில் வராத கம்பெனியை நான் என்றால் விட்டுவிடுவேன். பதில் சொல்கிறவர்கள் இந்தியாவில் தயாரிப்பவர்களிலும் இருக்கிறார்கள், இறக்குமதி செய்பவர்களிலும் இருக்கிறார்கள். நான் பிராண்ட் பெயர் எழுதாததற்குக் காரணமும் இதுதான். ஒரே பிராண்டில் ஜூலிக்கு ஏற்ற பையும் இருக்கும், ஏற்காத பையும் இருக்கும்.

மூலப்பொருள் பட்டியலை எல்லாரும் முதலில் படிக்கிறார்கள். என் பார்வையில் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. சமைப்பதற்கு முந்தைய எடை வரிசையில் அது எழுதப்படுகிறது. பச்சைக் கோழியில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். அதனால் முதலிடத்தில் 'சிக்கன்' என்றிருந்தாலும், நீர் வற்றிய பிறகு அதன் பங்கு சுருங்கிவிடும். நீரை எடுத்துவிட்ட 'சிக்கன் மீல்' கேட்க மட்டமாகத் தெரிந்தாலும் புரதம் செறிந்தது. ஈரல், இதயம் மாதிரியான உறுப்புகளும் மட்டமில்லை, நாமே ஆசையாகச் சாப்பிடுகிறோமே.

புரத சதவீதத்தை ஒப்பிடும்போது ஈரப்பதத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். டின் உணவில் 8 சதவீதம் புரதம், 80 சதவீதம் ஈரம் என்றால், மீதி 20 பங்கில் 8 புரதம், அதாவது 40 சதவீதம். உலர் உணவில் 24 சதவீதம் புரதம், 10 சதவீதம் ஈரம் என்றால், 90க்கு 24, ஏறக்குறைய 27 சதவீதம். இந்தக் கணக்கில் வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ சொல்லும் குறைந்தபட்சம் 18 சதவீதம். எடை குறைக்கப் போகிற ஜூலிக்கு 28, 30 சதவீதம் இருந்தால் தசை கரையாமல் கொழுப்புக் கரைய உதவும்.

கிரெய்ன் ஃப்ரீ உங்களுக்கு வேண்டாம். தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டாணி, கொண்டைக்கடலை, பருப்பு, உருளைக்கிழங்கு போடுகிறார்கள், மாவுச்சத்து எங்கும் போய்விடவில்லை. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்படிப் பட்டாணி, பருப்பு மிகுந்த உணவு தின்ற நாய்களில் இதயத் தசை தளர்ந்து இதயம் பெருக்கும் டி.சி.எம். நோய் பதிவாவதாக எச்சரித்து விசாரணை தொடங்கியது. உணவுதான் காரணம் என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஆரோக்கியமான நாய்க்குத் தானியம் இல்லாததால் எந்த நன்மையும் நிரூபிக்கப்படவில்லை என்கிறபோது, கூடுதல் விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தை ஏன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்? அரிப்புக்காகச் சொன்னார்கள் என்றால், நாய்களின் உணவு ஒவ்வாமையில் மாட்டிறைச்சி, பால், கோழிதான் தானியங்களைவிட அதிகம் அடிபடுகின்றன. அதற்கும் முன்னால் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் பாருங்கள்.

லூஸில் விற்பதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தயாரித்த தேதி, பேட்ச் எண், கலோரி, எதுவுமே உங்கள் கைக்கு வராது. திறந்த மூட்டையில் காற்றுப் பட்டதும் கொழுப்புச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். நம் ஊர் வெக்கையும் மழைக்கால ஈரமும் பூஞ்சைக்கு விருந்து. மக்காச்சோளத்தில் வரும் அஃப்ளாடாக்சின் ஈரலைத் தாக்கும் நச்சு, சூடு பண்ணினாலும் அழியாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த நச்சு மிகுந்த நாய் உணவைத் திரும்பப் பெற்றார்கள். அதைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு அரசுக்குத் தகவல்கள் போயின. அங்கே பேட்ச் எண் இருந்ததால் திரும்பப் பெற முடிந்தது. லூஸில் வாங்கினால் எதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவீர்கள்?

சீல் பிரிக்காத பையாக, ஒரு மாதம் அல்லது சற்றுக் கூடுதலாக வருகிற அளவில் வாங்குங்கள். ஜூலிக்கு 10 கிலோ தாங்கும், 20 கிலோ அதிகம். பிரித்த பிறகு பையோடு அப்படியே மூடியுள்ள டப்பாவில் வைத்து, அடுப்படிச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். டப்பாவில் நேரே கொட்டினால் அடியில் படியும் பழைய எண்ணெய் புதிய சரக்கையும் கெடுக்கும். வழக்கமாகத் தின்கிற உணவை அவள் திடீரென்று மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அந்தப் பையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். வாந்தியோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் நாளுக்குப் பாருங்கள். ஜூலிக்கு நாளொன்றுக்கு 900 கலோரி என்று வைத்துக்கொள்வோம். கிலோ 250 ரூபாய் உணவில் 100 கிராமுக்கு 300 கலோரி இருந்தால் 300 கிராம் வேண்டும், 75 ரூபாய். கிலோ 350 ரூபாய் உணவில் 380 கலோரி இருந்தால் 237 கிராம் போதும், 83 ரூபாய். கிலோவுக்கு 100 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் நாளுக்கு 8 ரூபாயாகிவிட்டது. நடுத்தர விலையிலேயே நல்ல பைகள் கிடைக்கும். 1,000 ரூபாய்க்குப் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

அந்த 900 நான் சும்மா சொன்ன எண் இல்லை. 30 கிலோ நாய் ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி செலவழிக்கும். இளைக்க வேண்டிய நாய்க்கு, அது போய்ச் சேர வேண்டிய எடையின் ஓய்வுக் கணக்கில்தான் தொடங்குவோம். பையில் அச்சிட்ட அட்டவணை 36 கிலோ நாய்க்கு இதைவிட நிறையவே சொல்லும், அதைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் சாதாரண அடல்ட் உணவை இந்த அளவுக்குக் குறைத்தால் கலோரியோடு வைட்டமின்களும் தாதுக்களும் குறைந்துவிடும். அதனால் 'வெயிட் மேனேஜ்மென்ட்' வகையில், 100 கிராமுக்கு 300 கலோரியை ஒட்டி, புரதமும் நாரும் கூடுதலாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கப்பால் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். சமையலறைத் தராசில் காலையிலேயே அன்றைக்குரியதை நிறுத்து, இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள்.

மாமனாரின் பிஸ்கட்டுக்கு வருகிறேன். ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி, நான்கு கொடுத்தால் 100. நொறுக்குத் தீனி ஒரு நாளுக்குரிய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, ஜூலிக்கு அது 90. அவர் சந்தோஷத்தையும் அவள் வாலாட்டலையும் பறிக்க எனக்கு மனமில்லை. அன்றைக்கு நிறுத்து வைத்த உணவிலிருந்தே ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போட்டு மாமனார் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதோடு வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் சேர்த்த சுகர் ஃப்ரீ மிட்டாய் எதுவும் கூடாது. மாமியாருக்கும் ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் கரண்டி தயிர் சாதம், அன்றைக்கு வேறு தீனி இல்லாமல்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. அப்புறம் பாதிப் பாதி, அப்புறம் முக்கால். ஏழிலிருந்து பத்து நாளில் முழுக்க மாறிவிடலாம். மலம் இளகினால் அந்தப் படியிலேயே இரண்டு நாள் நில்லுங்கள். கடிக்கத் தயங்கினால் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துக் கொடுங்கள், ஊறிய உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள். திடீரென்று நிறையத் தண்ணீர் குடிப்பாள், பயப்பட வேண்டாம். இதுவரை சோற்றிலும் தயிரிலும் கிடைத்த நீர் உலர் உணவில் இல்லை. வீட்டில் இரண்டு இடத்தில் தண்ணீர் வையுங்கள். முழுக்க மாறிச் சில வாரம் ஆன பிறகும் தாகமும் சிறுநீரும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். வாரத்துக்கு 350 கிராம் அளவில் இறங்கினால் நல்ல வேகம், 30ஐத் தொட நான்கைந்து மாதமாகும். வாரத்துக்கு 700 கிராமுக்கு மேல் இறங்கினால் உணவைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு மாதம் ஒழுங்காக நிறுத்துப் போட்டும் முள் அசையவில்லை என்றால், முதலில் வீட்டில் வேறு யாராவது கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கலாம், லேப்ரடாருக்கு அது வருவதுண்டு. உங்கள் டாக்டரிடம் சொல்லி இரத்தத்தில் டி4, டி.எஸ்.எச். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 கிலோ வந்ததும் சாதாரண அடல்ட் உணவுக்கு மாறி, 1,100 கலோரியில் தொடங்கி, விலாவைத் தடவிப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.